விடைபெறும் ஆண்டு இல்லாத பலகை

உர்மாஸ் கல்லஸ்தே பத்தொன்பது வயதில் எஸ்தோனியாவிலிருந்து ஒற்றைப் பையோடு வந்து பிரான்சின் வெளிநாட்டார் படையில் சிப்பாயாகச் சேர்ந்தவர். பதினெட்டு வருடம் கழித்து, நீம் நகர முகாமில் மூன்றாம் கம்பெனிக்கு அவர்தான் கேப்டன். அப்போதும் வெளிநாட்டவர்தான், ஒப்பந்தத்தில் இருக்கும் அதிகாரி.

அந்த ஒப்பந்தம் ஜூனில் முடிவதாக இருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கினால் பணி நிரந்தரமாகும். ஆனால் பிரெஞ்சு அதிகாரியை எந்தப் படைப்பிரிவுக்கும் மாற்றலாம். கம்பெனியை விட்டுப் போக மனமில்லாமல், குடியுரிமை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாமலே வைத்திருந்தார் உர்மாஸ்.

"ஜூன்ல வீட்டுல உட்கார்ந்து எனக்கு அணிவகுப்பு நடத்தப் போறியா? கையெழுத்தைப் போடு," என்றாள் மனைவி சொலேன்.

போட்டார். இதே கம்பெனி வேண்டும் என்று கூடவே ஒரு மனுவும் எழுதினார். மார்ச்சில் குடியுரிமை வந்தது. மனுவுக்குப் பதில் வரவில்லை.

ஏப்ரல் முப்பது, வெளிநாட்டார் படை தன் பழைய போர் ஒன்றை நினைவுகூரும் கமெரோன் நாள். அன்று காலை அதிகாரிகள்தான் சிப்பாய்களின் கட்டிலுக்கே காப்பி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உர்மாஸ் கூஜாவோடு நுழைந்தார். அவரோடு ஒரே நாளில் படையில் சேர்ந்த மடகாஸ்கர்காரர் ஜொசோவா, இப்போது 'அஜுதான்' என்ற இளநிலை அதிகாரி, பின்னால் ரொட்டித் தட்டோடு வந்தார்.

"என்ன கேப்டன், பிரெஞ்சுக்காரர் ஆனதும் காப்பியில சர்க்கரை கொறைஞ்சு போச்சே?" என்றான் முதல் கட்டிலில் இருந்த நேபாளக் கார்ப்பரல் தில்பகதூர்.

"அவரு இப்ப பெரிய இடம்டா. குடுக்கிறதைக் குடி," என்றார் ஜொசோவா.

அறை சிரித்தது. தில்பகதூர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மரப்பலகையை எடுத்து உர்மாஸிடம் நீட்டினான். கம்பெனியை விட்டுப் போகிறவர்களுக்குத் தரும் பலகை. உர்மாஸின் பெயர், சேர்ந்த ஆண்டு, விடைபெறும் ஆண்டு எல்லாம் செதுக்கியாயிற்று. குடியுரிமை வந்தால் போய்த்தான் ஆக வேண்டும் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். உர்மாஸ் விடைபெறும் ஆண்டை விரலால் தடவிப் பார்த்தார்.

வாசலில் கர்னல், அவர் கையிலும் ஒரு காப்பிக் கூஜா.

"யாருக்குய்யா வழியனுப்பு விழா?"

கூஜாவைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"கேப்டன் கல்லஸ்தே. நிரந்தரப் பணி. அதே பதவி, அதே பணிமூப்பு. மூன்றாம் கம்பெனி."

போர்வைகள் பறந்தன. தலையணைகள் பறந்தன. முப்பது நாட்டுக்காரர்கள் முப்பது விதமாகக் கத்தினார்கள். ஜொசோவா கத்தியை எடுத்து, பலகையில் விடைபெறும் ஆண்டை எண் தெரியாதபடி சுரண்டித் தள்ளினார்.

"பொறுங்க அஜுதான், ரெண்டு ராத்திரி உட்கார்ந்து செதுக்கினது!" என்று அலறிய தில்பகதூர், காலிக் கோப்பையைக் கேப்டனிடம் நீட்டினான். "இன்னொண்ணு ஊத்துங்க. இந்தத் தடவை சர்க்கரையோட."

உர்மாஸ் மூன்று கட்டி போட்டார்.