இருக்கைக்குப் பின்னால் வெட்டிய குழாய்

என் மனைவி உட்காரும் இருக்கைக்குப் பின்னால் பெட்ரோல் ஆவிக் குழாயை வெட்டிவிட்டவன் நீதான். வெட்டிவிட்டு எங்களிடம் சொல்லவில்லை. கேட்டபோது பொய் சொன்னாய்.

உன் பட்டறையைத் தவிர வேறு எங்கும் நான் வண்டியை விட்டதில்லை. நீ என்னை மாப்ளே என்பாய், நானும் உன்னை மாப்ளே என்பேன். முன்பின் தெரியாதவன் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என்னுடையது சின்ன பெட்ரோல் பிக்கப். காலையில் துறைமுகத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, சுரக்குடி, விழிதியூர், நெடுங்காடு என்று ஊர் ஊராகப் போவோம். நான் ஓட்டுவேன், அவள் விற்பாள். எந்த வீட்டில் யாருக்குச் சங்கரா, யாருக்கு மத்தி என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அவள் இல்லாமல் நான் போனால் பாதி மீன் திரும்பி வரும்.

போன மாசியில் வண்டி ஒரு சண்டித்தனம் செய்தது. பெட்ரோல் போட்டுக் கிளம்பினால் நூறு அடியில் அணைந்துவிடும். உன்னிடம் கொண்டுவந்தேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிட்டாய்.

"இனிமே நிக்காது மாப்ள. ராஜா மாதிரி போவும்."

"மீட்டருல மஞ்ச லைட்டு ஒண்ணு எரியுதே?"

"அது சும்மா எரியும். பாத்தா மனசுதான் கெட்டுப்போவும்" என்று அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினாய். நானும் சிரித்தேன்.

வண்டி நிற்கவில்லை. அவளுக்குத்தான் தலைவலி ஆரம்பித்தது. சுரக்குடி போய்ச் சேருவதற்குள் இரண்டு முறை இறங்கி வாந்தி எடுப்பாள். அங்கே மீன் வாங்கும் பெண்கள் சும்மா இருப்பார்களா?

"என்னக்கா, மொகமெல்லாம் வெளுத்திருக்கு. விசேஷமா?"

"ஆமாண்டி, மூத்தவ காலேஜ் போறா, எனக்கு இப்ப விசேஷம். மீன வாங்கு பேசாம."

பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று அவள் சொன்னாள். எனக்குத் தெரியவில்லை. என் பக்கத்து ஜன்னலைத் திறந்துபோட்டு ஓட்டுகிறவன், மீன்பெட்டியோடு பழகிய மூக்கு. ஆனாலும் உன்னிடம் வந்து கேட்டேன். "மீனு ஏத்துற வண்டியில மல்லிப்பூ வாசமா வரும்?" என்றாய். அதை நம்பி, அவளிடமும் போய்ச் சொன்னேன். என்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

கிளம்புமுன் வண்டிக்குள் இருக்கும் சாமி படத்துக்குச் சூடம் காட்டுவது அவள் வழக்கம். முந்தின நாள்தான் பெட்ரோல் போட்டிருந்தேன். கண்ணாடியெல்லாம் ஏற்றியபடி வண்டி வீட்டு வாசலில் நின்றது. காலையில் அவள் கதவைத் திறந்து, குனிந்து, தீக்குச்சியை உரசினாள். குப்பென்று ஒரு நீல வெளிச்சம். அவ்வளவுதான், அணைந்துவிட்டது. அவள் வலது கையில் முடி முழுக்கக் கருகிப்போயிருந்தது. ஒரு புருவம் பாதி இல்லை. அவள் தீப்பெட்டியைத் தூர எறிந்துவிட்டு, "மல்லிப்பூ வாசம்" என்றாள்.

அன்றே நாகப்பட்டினம் சாலையில் வேறொரு பட்டறைக்குப் போனேன். அவளும் வந்தாள், வண்டியில் ஏறாமல் பின்னால் பஸ்ஸில். அந்த மெக்கானிக் வண்டியைத் தொடுவதற்கு முன் அவளிடம்தான் கேட்டார்.

"எப்ப வாடை அதிகம்க்கா?"

"பெட்ரோல் போட்ட நாளுல. வெயில்ல நின்னா இன்னும் கூட."

மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து, பெட்ரோல் ஆவி போகும் வழியில் வெள்ளைப் புகையை மெதுவாக ஏற்றினார். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே புகை வெளியே வரும் என்றார். காத்திருந்தோம். அவள் இருக்கைக்குப் பின்னாலிருந்து, துணி விரிப்பின் அடியிலிருந்து, ஊதுவத்தி மாதிரி கிளம்பியது.

"நீங்க எங்கக்கா உக்காருவீங்க?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இருக்கையைக் கழற்றினார். டேங்கிலிருந்து வரும் ஆவிக் குழாய் கத்தியால் வெட்டப்பட்டு, வாய் திறந்து கிடந்தது. எஞ்சின் பக்கத்து முனையில் ஒரு போல்ட்டைத் திருகி அடைத்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் இணைந்திருக்க வேண்டிய கரி டப்பா தனியாகத் தொங்கியது. அதுதான் ஆவியை உள்ளே பிடித்துவைத்து எஞ்சினுக்கு அனுப்பும். அதைக் கழற்றிச் சாய்த்தார். உள்ளேயிருந்து பெட்ரோல் கொட்டியது.

"ஆவி இருக்க வேண்டிய எடத்துல பெட்ரோலு. கழுத்து வரைக்கும் ரொப்புறீங்களாண்ணே?"

"காரைக்கால்ல யாரு ரொப்பாம இருக்கா?"

"அதான் எனக்கு வேல இருக்கு."

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டைவிட இங்கே பெட்ரோல் மலிவு. அதனால் பம்பு டக்கென்று நின்ற பிறகும் வண்டியை ஆட்டி ஆட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வோம். டேங்க் வாயில் பெட்ரோல் பளபளவென்று தெரிந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. அப்படி ஊற்றியதில் கரி டப்பா மூழ்கி, வண்டி நின்றது. அது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டப்பாவை மாற்றாமல் குழாயை வெட்டியது நீ.

புது டப்பா, புதுக் குழாய், புதுக் கிளாம்பு. மறுபடி புகை ஏற்றினார். எங்கும் வரவில்லை. டேப்பை உரித்து, வண்டியைக் கிளப்பினார். மஞ்சள் விளக்கு எரிந்து, அணைந்தது.

வெட்டிய குழாய்த் துண்டோடு உன் பட்டறைக்கு வந்தேன். அவள் வாசலில் நின்றாள். அங்கே ஆறேழு பேர் இருந்தார்கள். "வண்டி ஓடணும்னுதான மாப்ள கேட்ட? ஓடுச்சுல்ல? தங்கச்சிக்கு மூக்கு கொஞ்சம் நீளம்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அவள் வண்டியில் ஏறவில்லை. ஒரு கூடையோடு பஸ்ஸில் போகிறாள். கண்டக்டர் மூஞ்சியைச் சுளிக்கிறார். நெடுங்காட்டில் மீன் எதிர்பார்த்திருப்பவர்கள் என்னிடம் அவளைக் கேட்கிறார்கள்.

"வண்டி சரியாயிடுச்சு, எனக்குத் தெரியும்" என்கிறாள். "எனக்கு மூக்கு நீளம்னு சிரிச்சாங்கல்ல. அவங்க முன்னாடி, கொழாய வெட்டுனத அவரு சொல்லட்டும். அப்புறம் ஏறுறேன்."

வரும் ஞாயிறு காலை, மீன் ஏலம் முடிந்ததும், துறைமுக வாசலில் வண்டியை நிறுத்துவேன். சிரித்தவர்களையும் கூப்பிட்டிருக்கிறேன். முதலில் என் தப்பை நான் சொல்வேன். பிறகு நீ சொல். குழாயை வெட்டியபோது அந்த இருக்கையில் யார் உட்காருவார்கள் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? என்னிடம் சொல்ல வேண்டாம். எல்லாரும் கேட்க, அவளைப் பார்த்துச் சொல்.