கதவைச் சாத்திக் கேட்ட கேள்வி

ஆம்புலன்ஸில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. இழுத்தால் திறக்கும், தள்ளினால் சாத்திக்கொள்ளும். அதன் வழியாகத்தான் பின்னால் நோயாளியோடு இருப்பவர்கள் எனக்குக் குரல் கொடுப்பார்கள். மற்றவர்களோடு ஓடியபோதெல்லாம் அது பாதி நேரம் சாத்தியேதான் கிடந்தது. என்னோடு வேலை பார்த்த தங்கச்சி ஒருத்திதான் அதைத் திறந்தே வைக்கச் சொன்னவள். தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. வண்டியில் முதலுதவி மருந்து கொடுக்கிற டெக்னீசியன். அவள் என்னை அண்ணே என்றாள், நான் தங்கச்சி என்றேன். எங்கள் வண்டி ஓடிய காலம் முழுக்க அதற்கு மேல் பெயர் தேவைப்படவில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியை வண்டியில் ஏற்றியதும் சொந்தபந்தங்களைக் கீழே இறக்கிவிட்டுப் பின்கதவைச் சாத்திவிடுவாள். ஒரு நிமிஷம் கூட ஆகாது. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எது ஒத்துக்கொள்ளாது, வயிற்றில் புண் உண்டா, சாராயம் குடித்தாரா, வயலுக்கு அடிக்கிற மருந்து எதையும் வாயில் வைத்தாரா என்று தணிந்த குரலில் கேட்பாள். பிறகு கதவைத் திறந்து ஒருவரை ஏற்றிக்கொள்வாள். நம்மூர்ச் சனம் எப்படி என்று அவளுக்குத் தெரியும். பரளச்சிப் பக்கம் ஒரு வீட்டில் உரம் எது, விதை எது என்று கேட்டால் ஊரே கூடிச் சொல்லும். நேற்று என்ன மாத்திரை போட்டாய் என்று நாலு பேர் முன்னால் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால் நோயாளியின் மானத்துக்காகக் கதவைச் சாத்தினாள். தன் மானத்துக்காக என் ஜன்னலைத் திறந்து வைத்தாள். "அண்ணே, நீங்க காதைக் குடுத்துக்கிட்டே இருங்க. ஆனா கேட்டது உங்களோட போயிறணும்" என்பாள்.

மருந்தைப் பற்றி அவள் பேசுகிற விதமே தனி. "குடுக்கிறது ஒரு நொடி வேலைண்ணே. கேக்குறதுதான் வேலை. மாத்திரைக்குக் கண்ணு கிடையாது. உள்ள ஏற்கெனவே என்ன கிடக்குன்னு பாக்காம இறங்கிரும். நாமதான் பாத்து அனுப்பணும்" என்று சொல்வாள். சரியான ஆளா, சரியான மருந்தா, சரியான அளவா, வாய் வழியா ஊசி வழியா, இப்போது கொடுக்கலாமா என்று ஒவ்வொரு தடவையும் உதடு அசையத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொள்வாள். சாமி கும்பிடுகிறாள் என்று நான் முதலில் நினைத்தேன். கேலி கூடச் செய்தேன். "ஏன்ணே, பிரேக்கு போட்டுப் பாக்காமலா வண்டிய எடுக்கீக?" என்று திருப்பிக் கேட்டாள். 

பந்தல்குடியில் ஒரு கொத்தமல்லி மண்டி முதலாளி. கோயில் காரியம், பஞ்சாயத்து எல்லாவற்றிலும் முதல் நாற்காலி அவருக்குத்தான். ஒரு நாள் காலையில் நெஞ்சுவலி என்று அழைப்பு வந்தது. போனபோது வாசலில் பாதி ஊர் நின்றது. மனைவி தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தார். மூத்த மகன் கையில் ஒரு மாத்திரை. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, பக்கத்து வீட்டில் வாங்கியது. கருவேப்பிலை கேட்பதைப் போலத்தான் எங்கள் பக்கம் மாத்திரையும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். "இதை வைம்மா மொதல்ல" என்று அவன் நீட்டினான். அவள் வாங்கவில்லை. முதலாளியை வண்டியில் ஏற்றினாள், மகனை இறக்கினாள், கதவைச் சாத்தினாள்.

ஜன்னல் வழியே எனக்கு எல்லாம் கேட்டது. மற்றக் கேள்விகளையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் அவள் கேட்டாள்: "ஐயா, ஆம்பளைங்க ராத்திரிக்குப் போடுற மாத்திரை எதுவும் நேத்துப் போட்டீகளா? வெக்கப்படாதீக. உசுரு விஷயம். வெளிய போகாது."  வெளியே மகன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு அந்தப் பெரிய மனுஷர் குரல், சின்னப் பிள்ளை குரல் மாதிரி வந்தது. "போட்டேன் தாயி. யார்ட்டயும் சொல்லிராத." அவள் சொல்ல மாட்டேன் என்றாள். வேறொரு மாத்திரையை மெல்லக் கொடுத்தாள். மகனை உள்ளே ஏற்றினாள். அவன் நீட்டிய மாத்திரையை அருப்புக்கோட்டை வந்து சேருகிற வரை தொடவே இல்லை. வழியெல்லாம் அவன் அவளைத் திட்டிக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரின் காதோடு அவள் விஷயத்தைச் சொன்னதைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

திரும்பும்போது ஏன் என்று கேட்டேன். "ரெண்டுமே ரத்தக் குழாயை விரிக்கிற மருந்துண்ணே. ஒண்ணு மேல ஒண்ணு போச்சுன்னா பிரஷரு கிணத்துல கல்லு மாதிரி இறங்கிரும். நாம தூக்கிற முடியாது" என்றாள். மகன் சொன்னபடி வைத்திருந்தால் வழியிலேயே கதை முடிந்திருக்கும். முதலாளி பிழைத்தார். நடந்தே வீட்டுக்குப் போனார்.

அந்த வாரமே மகன் புகார் எழுதினான். வயசுக்கு மரியாதை இல்லாமல் அப்பாவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள், அசிங்கமாக என்னவோ கேட்டாள், கையில் கொடுத்த மாத்திரையைத் தரவில்லை. ஒரு பொம்பளைப் பிள்ளை என்று வேறு அழுத்தி எழுதியிருந்தான். விருதுநகரில் விசாரணை. என்னையும் கூப்பிட்டார்கள். ஜன்னல் திறந்திருந்தது, நான் எல்லாம் கேட்டேன், தப்பாக ஒன்றும் இல்லை என்றேன். என்ன கேட்டாள், அவர் என்ன சொன்னார் என்றார்கள். அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை இப்படியும் அப்படியுமாக அசைத்தாள்.  ஒரே ஒரு வரி, அதைச் சொல்லியிருந்தால் அந்த மகனின் முகம் எங்கே போயிருக்கும்! "மருந்து குடுக்காததுக்குக் காரணம் இருக்கு சார். அதை அவுகதான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது" என்றாள். விசாரித்தவருக்கு விளங்காமல் இல்லை. "எனக்குப் புரியுதும்மா. ஆனா பெரிய இடம். ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துருங்க" என்றார். செய்யாத தப்புக்கு எழுத மாட்டேன் என்றுவிட்டாள்.

நான் பந்தல்குடிக்குப் போனேன். மண்டியில் மல்லி மூட்டைகளுக்கு நடுவே முதலாளி உட்கார்ந்திருந்தார், முகத்தில் நல்ல தெளிச்சி. "ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அந்தப் புள்ள மேல தப்பு இல்லைன்னு மட்டும். வேற எதுவும் சொல்ல வேண்டாம்" என்றேன். அவர் ரோட்டில் போகிற லாரியைப் பார்த்தார். "பையன் எழுதிட்டான். அவனுக்கு எதுக்க நான் என்னப்பா சொல்ல? நாளைக்கு ஏன் எதுக்குன்னு கேப்பான்ல" என்றார். நான் எழுந்தேன். "வந்ததுதான் வந்த, வீட்டுக்குக் கொஞ்சம் மல்லி எடுத்துட்டுப் போ" என்றார். உசுருக்கு விலை ஒரு பை மல்லி! பெரிய மனுஷனாம், மண்ணாங்கட்டி. பையைத் தொடாமல் வந்தேன்.

தங்கச்சியின் வேலை போனது. இப்போது விருதுநகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறாள். எந்த மருந்தோடு எந்த மருந்து சேராது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவள், எந்தச் சேலைக்கு எந்த ரவிக்கை சேரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவை பார்க்கப் போனபோது சிரித்துப் பேசினாள். வண்டியைப் பற்றி மட்டும் கேட்கவே இல்லை. அவள் போன பிறகு எங்களுக்கு வாய்மொழியாக ஓர் உத்தரவு வந்தது. சொந்தக்காரர் ஒருவர் எப்போதும் உள்ளே இருக்க வேண்டும், கதவைச் சாத்தி விசாரிக்கக் கூடாது.

இந்தக் கோடையில் அதே வீட்டிலிருந்து மறுபடியும் அழைப்பு. அதே நெஞ்சுவலி. புதிதாக வந்த டெக்னீசியன் நல்ல மனிதர், எல்லாம் முறையாகக் கேட்கிறவர். ஆனால் வண்டி ஓடும்போது, உத்தரவுப்படி மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்டார். பாதி திறந்திருந்த ஜன்னல் வழியே எனக்குக் கேட்டது; பதில் சொன்னதெல்லாம் மகன். "எல்லா மாத்திரையும் நான்தான் எடுத்துக் குடுக்கேன். வேற ஒண்ணும் கிடையாது." அந்த ராத்திரி மாத்திரையும் போட்டதில்லையே என்று டெக்னீசியன் தயங்கிக் கேட்டதற்கு, "எங்கப்பாவப் பாத்தா எப்படித் தெரியுது?" என்று சீறினான். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை டெக்னீசியன் கையில் எடுத்துவிட்டார். தலைக்கு மேலே பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் கிழவரின் கண்களைப் பார்த்தேன். மகனைப் பார்த்தன, மாத்திரையைப் பார்த்தன. 

"கொஞ்சம் பொறுங்க சார்!" என்று கத்தினேன். கருவேல மரத்தோரம் வண்டியை நிறுத்தினேன். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். "முன்னால வந்து உக்காருங்க" என்றேன் மகனிடம். "மறுபடியுமாய்யா?" என்றான். "இறங்குங்க" என்றேன். என்ன முகத்தில் சொன்னேனோ, இறங்கிவிட்டான். கதவைச் சாத்தி, அவனை ரோட்டோரம் நிற்க வைத்துவிட்டு என் இருக்கைக்கு வந்தேன். ஜன்னலை முழுக்க இழுத்துத் திறந்தேன். கிழவர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள வரலையாப்பா?"

"அவளை நீங்கதான் வீட்டுக்கு அனுப்பி வச்சீகளே. இப்ப இவர்ட்டச் சொல்லுங்க, உண்மையை."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "போட்டேன்" என்றார். டெக்னீசியன் கையில் எடுத்த மாத்திரையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

மகன் முன்னால் ஏறி உட்கார்ந்தான். வண்டி ஓடத் தொடங்கியதும், "என்ன சொன்னாரு?" என்று கேட்டான். இத்தனை நாளாய் அவனிடம் சொல்ல ஆசைப்பட்ட அந்த ஒரு வரி நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"ஒண்ணும் சொல்லல" என்றேன். கையைப் பின்னால் நீட்டி ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிச் சாத்தினேன்.