அறுந்த பெல்ட்டுகள் எங்கே?

ஒரு காரின் டைமிங் பெல்ட்டை எத்தனை காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடங்களாக ஒரே மனிதரிடம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன விடையை நான் முழுதாக ஏற்றதில்லை. அதற்காக அவர் கோபித்துக்கொண்டதும் இல்லை.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தரமணியில் கல்லூரிப் படியேறும்போது பாஷா அழைத்தார். "மேடம், தாமோதரன் அண்ணன் காலைல தவறிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிச்சு." அடையாறில் அவர்கள் இருவரும் சேர்ந்து நடத்திய மெக்கானிக் ஷெட்டில் வண்டி விட்டவர்களே இதைப் படிப்பீர்கள், உங்களுக்கும் அதே அழைப்பு வந்திருக்கும். நான் வகுப்பை முடித்துவிட்டுத்தான் போனேன். புள்ளியியலில் அன்று என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

அவரோடு எனக்கு ஏற்பட்ட முதல் தகராறு பெல்ட்டைப் பற்றியதுதான். பிஸ்டன் மேலே வரும்போது வால்வு வழிவிட்டு நிற்க வேண்டும். அந்த நேரம் பிசகாமல் பார்த்துக்கொள்வது, பல் வைத்த அந்த ரப்பர் பட்டை. அது அறுந்தால் என் வண்டி எஞ்சினில் இரண்டும் மோதிக்கொள்ளும், ஓடும் வண்டி ஓடுகிறபடியே செத்துப்போகும் என்றார். அறுபதாயிரம் கிலோமீட்டர் ஆயிற்று, மாற்றிவிடலாம் என்றார். "வண்டியோட வந்த புத்தகத்துல ஒரு லட்சம்னு போட்டிருக்கே" என்றேன்.

அவர், "வண்டிய எடுங்க" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டு, தியாகராய நகருக்கு விடச் சொன்னார். பாண்டி பஜாரில் சிக்கி முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். "மீட்டரப் பாருங்க, நகரவே இல்ல. ஆனா எஞ்சின் சுத்திக்கினுதானே கீது? பெல்ட்டும் சுத்திக்கினுதான் கீது. புக்கு எழுதனவன் இந்தத் தெருவுல வந்து நின்னுக்கீறானா, கேளுங்க." எனக்குத் தெரிந்து அது சரியான வாதம். ஒப்புக்கொண்டேன், மாற்றினேன். மயிலாப்பூரில் வாரம் ஒருமுறை கோயிலுக்கு மட்டும் எடுக்கிற காருக்கும் ஐந்து வருடத்தில் பெல்ட்டை மாற்றச் சொல்வார். "ஓட்டுனா கிலோமீட்டர் கணக்கு, ஓட்டலன்னா வருஷக் கணக்கு. ரப்பரு சும்மா இருந்தாலும் வயசாவும் மேடம்."

ஷெட்டின் பின்சுவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கழற்றிய ஒவ்வொரு பெல்ட்டிலும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருடம் என்று வெள்ளை பெயிண்ட் பேனாவால் எழுதி ஆணியில் மாட்டுவார். சந்தேகப்படுகிறவர்களை அங்கே கூட்டிப்போய் நிறுத்துவார். என்னையும் நிறுத்தினார். "இதெல்லாம் அறுகிறதுக்கு முன்னாடி கழட்டினது. எப்ப அறுந்திருக்கும்னு இதுல எப்படித் தெரியும்? அறுந்த பெல்ட் ஒண்ணாவது இருக்கா?" என்று கேட்டேன்.

இரண்டு மூன்று பெல்ட்டுகளைத் திருப்பி எண்களைப் பார்த்தார். பிறகு, "இன்னாடா பாஷா, இத்தினி வருஷமா மாட்டி வச்சிக்கீறோம், இந்தம்மா ஒரே போடா போட்டுச்சே" என்றார்.

"பொம்பளைங்க கிட்ட வாயக் குடுக்காதன்னு சொன்னேனே" என்றார் பாஷா, வண்டிக்கு அடியிலிருந்து.

அடுத்த முறை போனபோது, பாஷாவின் காதில் விழாமல், "என் வண்டிலயே பாத்துடலாம் மேடம். எண்பத்தஞ்சாயிரம் ஓடிக்கீது, மாத்தப்போறதில்ல. எப்ப அறுவுதுன்னு சொல்றேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே என்னிடம் மட்டும் எண்ணைச் சொல்வார். "தொண்ணூறு. இன்னும் கீது." கடைசியாக நான் கேட்டது, "ஒரு லட்சத்து நாலாயிரம்." பயமாக இல்லையா என்றேன். "ஊருக்குள்ளதான், மெதுவாத்தான் போறேன். வேற யாரையும் ஏத்தறதில்ல" என்றார்.

காரியம் முடிந்த அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். பாஷாவும் இருந்தார். தாமோதரனின் மனைவி கஸ்தூரி என்னை உட்காரவைத்து, யாரிடமும் சொல்லாததைச் சொல்வதுபோல மெல்லிய குரலில் சொன்னார். "மூணு வருஷம்மா. ஒருவாட்டி என்ன அந்த வண்டில ஏத்தல. ஆட்டோல போ, பஸ்ல போன்னுவாரு. இன்னா தப்பு செஞ்சேன்னே தெரியல. நாளைக்கு காலைல அதே வண்டிலதான் அவர எடுத்துக்கினு ராமேஸ்வரம் போறேன், அஸ்தி கரைக்க. என் தம்பி ஓட்றான். இப்ப வேணாம்னு சொல்லட்டும் பாப்போம்."

அந்த நெடுஞ்சாலையை நினைத்தேன். சொல்லாமல் இருக்க முடியாது. அந்த பெல்ட் மாற்றப்படவே இல்லை என்றேன்.

"அண்ணன் வண்டியா?" பாஷா நம்பவில்லை. "ஊருக்கே மாத்தச் சொன்ன ஆளு மேடம்!"

"நான் கேட்டதாலதான் மாத்தாம ஓட்டினார். அறுந்தா அவரோட போகட்டும்னுதான் உங்களை ஏத்தலை" என்றேன் கஸ்தூரியிடம்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "கேக்கறதுக்கு உனுக்கு வேற ஆளே கெடைக்கலியா?" என்றார். பிறகு, "அந்த ஆளு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிக்கக் கூடாதா? நான் இன்னான்னாவோ நெனச்சிக்கினு இருந்தேனே" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் முப்பது வருடமாகப் படித்தவர்களோடு பழகுகிறேன். தங்கள் கருத்தின் மேல் வந்த கேள்வியைத் தங்கள் செலவில் சோதித்துப் பார்த்தவர்கள் அவர்களில் மிகச் சிலர். தாமோதரன் சோதித்தார். அதன் ஆபத்தை வேறு யார்மீதும் வைக்கவில்லை. மனைவியிடம் மட்டும் சொல்லத் தவறினார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இந்த நேர்மையைத்தான், அந்தத் தவறோடு சேர்த்து.

மறுநாள் நடந்தது இது. காலை ஆறு மணிக்கு பாஷா எஞ்சின் மூடியைக் கழற்றி பெல்ட்டை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் பின்பக்கமாக மடித்துப் பார்த்தார். வெடிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. பற்கள் எல்லாம் இருந்தன. "நல்லாத்தான் கீது மேடம். இன்னும் பத்தாயிரம் போவுமா, பத்து கிலோமீட்டர் போவுமா, சொல்ல முடியாது" என்றார். "இன்னா பண்ணலாம்? கேள்வி உங்களுது."

புதியதைப் போடச் சொன்னேன். வேலை முடிய பத்தரை மணி ஆயிற்று. கஸ்தூரி முன் சீட்டில் ஏறி, அதைத் தன் வசதிக்கு இரண்டு முறை நகர்த்திச் சரிசெய்துகொண்டு, அஸ்திக் கலயத்தை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். தம்பி வண்டியை எடுத்தார்.