நகத்தில் இருந்த நீலம்

காலை ஆறு பத்து. ஐயம்பேட்டையில் அத்தை வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தியபோது முதலில் கண்ணில் பட்டது மாமாவின் கை. காபி டம்ளரைப் பிடித்திருந்த உள்ளங்கை முழுக்க அரக்குச் சிவப்பு. நகங்கள் மட்டும் நீலம். சாயப்பட்டறை வைத்திருப்பவரின் கை வேறு எப்படி இருக்கும்? பட்டு நூலைக் கொதிக்கும் தொட்டியில் முக்கி முக்கி எடுத்தே அவருக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. அந்தக் கையை அதன் சொந்த நிறத்தில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அத்தைதான் திடீரென்று அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். “இன்னாங்க, இந்த மாசம் பூரா கல்யாண ஆர்டருக்கு அரக்குதானே போட்டுக்கினு இருக்கீங்க? நகத்துல நீலம் எங்கேர்ந்து வந்துது?”

“பழைய சாயம்மா. தேய்ச்சா போயிடும்.” இந்த நான்கு சொற்களுக்குள் மாமா இரண்டு முறை மூச்சு வாங்கினார். அத்தை எலுமிச்சைத் தோலால் தேய்த்தார். அரக்கு கொஞ்சம் விட்டது, நீலம் அசையவில்லை. மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “இன்னா பேப்பர்காரா, போட்டோ புடிச்சி மொதல் பக்கத்துல போடப் போறியா?”

மாமாவுக்கு மூச்சு வாங்குவதை டாக்டரிடம் காட்ட, ஷேர் ஆட்டோவில் மூவரும் காஞ்சிபுரத்துக்குப் போனோம். மருத்துவமனையில் நர்ஸ் அவர் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினார். எழுபத்து நான்கு. “கையில சாயம் இருந்தா மிஷின் தப்பாதான் காட்டும்” என்று சொல்லி, அதைக் கழற்றி அத்தை விரலில் மாட்டினார். தொண்ணூற்றெட்டு. மறுபடி மாமாவின் காதுமடலில் மாட்டினார். அங்கே சாயம் இல்லை. எழுபத்து நான்கு.

டாக்டர் இளம்பெண். கருவி காட்டிய எண்ணையும் பார்த்தார், கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு பேசும் மனிதரையும் பார்த்தார். இரண்டும் அவருக்கு ஒட்டவில்லை. சந்தேகம் தீர, மணிக்கட்டில் தமனியிலிருந்தே இரத்தம் எடுத்தார். நுரையீரலில் காற்று வாங்கி வரும் இரத்தம் அது. பளிச்சென்று சிவந்திருக்க வேண்டும். ஊசிக் குழாயில் ஏறியது கறுத்திருந்தது. மாமா எட்டிப் பார்த்தார். “அட, அரக்கு! இன்னா டாக்டரம்மா, எங்க தொட்டியிலேர்ந்தா எடுத்தீங்க?” டாக்டர் சிரிக்காமல் ஊசிக் குழாயைப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் என்னிடம் விளக்கினார். உயரமான மலையில் காற்று மெலிந்தால் இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மயக்க மருந்தாலோ தலையில் அடிபட்டோ மூச்சு மந்தமானாலும் குறையும். இதயத்தில் ஓட்டை இருந்து, கெட்ட இரத்தம் நுரையீரலுக்குப் போகாமலேயே நல்ல இரத்தத்தோடு கலந்தாலும் குறையும். மாமாவுக்கு இவை எதுவும் இல்லை. அவருடைய நுரையீரலின் அடிப்பகுதி இரண்டு பக்கமும் தழும்பேறித் தடித்திருந்தது. உள்ளே போன காற்று இரத்தத்தைத் தொட முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததால் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. பட்டறைப் புகையா, சாயப் பொடியா, வேறு ஏதாவதா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

ஆக்சிஜன் வைத்தார்கள். சற்று நேரத்தில் நகங்களின் நீலம் அடியிலிருந்து வெளுத்து, மெல்ல இளஞ்சிவப்பு ஏறியது. அத்தை அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். “இதானா உங்க நகம்? எவ்ளோ வருஷமா சாயம் சாயம்னு நெனச்சிக்கினு இருந்தேன்?”  மாமா முகமூடியை விலக்கி நர்ஸைக் கூப்பிட்டார். “ஏம்மா, என்கூட தொட்டியாண்ட ரெண்டு பேரு நிக்கிறானுங்க. அவனுங்க நகத்தையும் பாரும்மா.”

மாமா அடுத்த ஆடி வரை இருந்தார். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. பட்டறைப் பக்கம் அவர் மறுபடி போகவில்லை.

அவர் சொன்ன இருவரையும், அவருக்கு ஆக்சிஜன் வைத்த மறுநாளே மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். ஒருவருக்குத் தொண்ணூற்றெட்டு காட்டியது. மற்றவருக்கு எண்பத்தொன்று.