மூடிக்காரருக்குக் காது கேட்ட கதை

தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் பட்டறையில் ஆயுசைக் கழித்தவர் என்பதால் அவருக்கு மூடிக்காரர் என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை ஓய்வுபெற்ற நாளில் யாரோ ஒருதடவை மைக்கில் சொன்னதோடு சரி. அந்தப் பட்டறையில் இயந்திரம் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் ஒரு மூடி விழும், கூடவே கொஞ்சம் காதும் போகும். வேலையை விட்டு வந்தபோது வலது காது முழுசாகப் போயிருந்தது. இடது காதில் கருவி மாட்டினால் பக்கத்தில் பேசுவது கேட்கும். கருவியில் சார்ஜ் இல்லையென்றால் அவர் ஒரு கல்தூண்.

மனைவி போனபின் மகள் வீட்டுக்கு வந்தார். வரும்போது ஒரு பெட்டியும் ஒரு நாயும் கொண்டுவந்தார். நாய்க்கு டப்பா என்று பெயர். மூடிக்காரருடைய நாய்க்கு வேறு என்ன பெயர் வைப்பது? வாசலில் மணி அடித்தால் டப்பா வந்து அவர் கால்சட்டை நுனியைப் பிடித்து இழுக்கும். அடுப்பில் குக்கர் கத்தினால் இழுக்கும். அவரை யாராவது பின்னால் நின்று கூப்பிட்டுவிட்டு, காது கேட்காத ஜென்மம் என்று முணுமுணுத்தால் அதற்கும் இழுக்கும். கருவி தூங்கிய நேரத்திலெல்லாம் அவருக்குக் காதாக இருந்தது அந்த நாய்தான்.

மாப்பிள்ளை சமையலறைச் சாமான் விற்கும் கம்பெனியில் இருந்தார். புதுசு என்றால் அவருக்கு உயிர். இனிமேல் சார்ஜ் ஏற்றுகிற எல்லாச் சாமானுக்கும் ஒரே மாதிரி சார்ஜர் பின் என்று செய்தி வந்த அன்று, தானே கண்டுபிடித்த மாதிரி வீட்டைக் கூட்டிவைத்துப் பேசினார். “உலகத்துக்கே ஒரே வயர் மாமா. எதையும் தேட வேணாம். எவன் வீட்டுக்குப் போனாலும் சொருகிக்கலாம்.” மேசை இழுப்பறையில் பாம்புக்குட்டிகள் போலச் சுருண்டு கிடந்த பழைய வயர்களையெல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டார்.

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். மூடிக்காரரின் பழைய கருவிக்கு உலகத்தில் வேறு எதற்கும் பொருந்தாத ஒரு பின் இருந்தது. அதன் வயர் அறுந்தபோது புது வயர் வந்து சேர மாதக்கணக்கில் ஆயிற்று. அத்தனை நாளும் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு வாங்கிய புதுக் கருவியை வைத்துச் சார்ஜ் ஏற்றும் பெட்டிக்கு மகளுடைய போன் வயரே பொருந்தியதும் சிறுபிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். மாப்பிள்ளைக்கு அன்று மனசாரக் கைகொடுத்தார்.

சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பழைய வயரை யாரும் சீந்தமாட்டார்கள், ஏனென்றால் அது யாருக்கும் உதவாது. புது வயர் எல்லோருக்கும் உதவியது. மாப்பிள்ளையின் போன், மடிக்கணினி, பாட்டுப் பெட்டி, முகம் மழிக்கிற மெஷின், மகளுடைய போன், டார்ச் விளக்கு எல்லாம் அதே வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ராத்திரி அவர் சொருகிவிட்டுப் படுப்பார். காலையில் கருவிப் பெட்டி அநாதையாகக் கிடக்கும், வயர் வேறு எதிலாவது இருக்கும். சண்டை போட்டு ஒரு வயரைத் தனக்கென்று வாங்கினார். அதற்கும் ஒரு சூது நடந்தது. பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு என்றாலும் ஒரு வயர் மடமடவென்று ஏற்றும், இன்னொன்று சொட்டுச் சொட்டாக விடும். நல்லது கைமாறிப் போய் சொட்டு வயர் அவர் பங்குக்கு வந்து சேர்ந்தது. கேட்டால், “எல்லாம் ஒண்ணுதானே மாமா” என்று மாப்பிள்ளை சிரித்தார்.

இதனால் மூடிக்காரர் பாதி நாள் தலையாட்டியே பிழைத்தார். காது மந்தமானவர்களுக்குத் தெரியும் அந்த வித்தை. எதிராளி சிரித்தால் சிரித்துத் தலையாட்ட வேண்டும். புருவத்தைத் தூக்கினால் யோசிப்பதுபோல் நிறுத்தி, அப்புறம் ஆட்ட வேண்டும். என்ன என்ன என்று நாலு தடவை கேட்டு முகச்சுளிப்பு வாங்குவதைவிட அது மேல்.

ஒரு விடுமுறை நாள் காலையில் கருவி செத்துக் கிடந்தது. மாப்பிள்ளை டப்பாவின் கழுத்துவாரைக் கையில் பிடித்தபடி எதிரே வந்து நின்று சிரித்த முகமாக என்னவோ கேட்டார். நாயை நடக்கக் கூட்டிப்போகிறார் போலும், என்ன அதிசயம் என்று மூடிக்காரர் நினைத்தார். தலையாட்டினார். டப்பா வாசலில் ஒருதடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. மாப்பிள்ளை தனியாகத் திரும்பி வந்தார்.

பதறிப்போய்க் கேட்டவரிடம் மகள் காதருகே வந்து கத்தினாள். “உங்ககிட்ட கேட்டுட்டுத்தானேப்பா குடுத்தாரு? நீங்கதான் சரின்னு தலையாட்டினீங்க. ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில விட்டிருக்காரு. ஓடியாட இடம் இருக்கு. நல்லா இருக்கும்.”

அவர் அன்று சாப்பிடவில்லை. தன் தலையைத் தானே வெட்டிப் போடலாம் போல இருந்தது. ஆனால் அழுது முடித்த இடத்தில் ஒரு கறுவல் முளைத்தது. ‘வயரைப் பிடுங்கி, காதை அடைச்சு, அப்புறம் வந்து சம்மதம் கேட்டிருக்கான். இருடா, இருடா.’ மரியாதையான மனிதர், மாப்பிள்ளையை மனதுக்குள் ஒருமையில் அழைத்தது அதுவே முதல் தடவை. அழைத்ததும் கொஞ்சம் இதமாக இருந்தது.

தெருமுனை சலூன்காரர் அவருக்குச் சிநேகிதர். முடிவெட்டும் மெஷினுக்கு அங்கேயும் அதே வயர்தான். மாப்பிள்ளை பாடிய அந்த ‘எவன் வீட்டிலும் சொருகிக்கலாம்’ என்கிற பெருமை இப்போது மூடிக்காரருக்குப் பயன்பட்டது. தினமும் காலையில் நடக்கப் போகிறேன் என்று கிளம்பி, சலூனில் பெட்டியைச் சொருகிவிட்டுப் பெஞ்சில் உட்காருவார். “என்னண்ணே, வீட்டுல கரண்ட் இல்லியா?” என்று சலூன்காரர் காதருகே வந்து கத்திக் கேட்டார். “கரண்ட் இருக்கு, மனுசங்கதான் இல்ல” என்றார் மூடிக்காரர்.

வீட்டுக்குள் நுழையும்போது அவர் காது நிறைந்திருக்கும். ஆனால் மகள் ஏதாவது கேட்டால் கருவியைத் தட்டிக் காட்டி, “சார்ஜ் இல்லம்மா” என்பார். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் அவரை ஒரு ஆளாக மதித்து வாயை மூடவில்லை.

முதலில் உண்மை வந்து விழுந்தது. மாப்பிள்ளை சோபாவில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போனில் யாரிடமோ சொன்னார். “பண்ணையாவது ஒண்ணாவது. மேனேஜர் பையன் நாய் வேணும்னு அடம் பிடிச்சான். கொண்டுபோய் விட்டேன். கிளை ஆபீஸ் நாற்காலி எனக்குத்தான் பாரு. அந்த ஊதிப்போன பலூனுக்கு நான் எழுதிக் குடுக்கற ரிப்போர்ட்ட வாசிக்கக்கூடத் தெரியாது. கிழவனா? கிழவன் பொம்மை மாதிரி தலையாட்டிட்டான்.”

பொம்மை பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பியது. இதை எங்கே, யார் முன்னால் அவிழ்ப்பது என்று அந்த நிமிடமே யோசிக்கத் தொடங்கியது.

இரண்டாவதாக வந்து விழுந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. மகள் துணி மடித்துக்கொண்டே சிநேகிதியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். “நாங்க சண்டை போட்டா அப்பா கேட்டுட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறாருடி. அதான் சில நாள் வயரை நானே கழட்டி வச்சிடறது. நாயைக் குடுக்க முந்தின ராத்திரிகூட நான்தான் கழட்டினேன். இல்லேன்னா அவர் விட்டிருப்பாரா? பாவம்தான். ஆனா அவருக்குக் கேக்காம இருக்கறப்ப வீடு எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா?”

மூடிக்காரர் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாப்பிள்ளைமேல் இருந்தது கோபம், அதை வைத்துக்கொண்டு நடமாட முடிந்தது, சாப்பிட முடிந்தது. இது நெஞ்சில் வேறு இடத்தில் குத்தியது. கருவியைக் கழற்றி எறிந்துவிடலாமா என்றுகூட நினைத்தார். டப்பாவை நினைத்துக்கொண்டு மறுபடி மாட்டினார்.

மேனேஜரை விருந்துக்கு அழைத்தார்கள். மகள் காலையிலிருந்தே அடுப்படியில் நின்றாள். மாமனாரை நல்ல சட்டை போட வைத்து மேசையின் ஓரத்தில் உட்கார்த்திவைத்தார் மாப்பிள்ளை. குடும்பம் என்றால் ஒரு பெரியவர் இருந்தால்தான் பார்க்க லட்சணமாக இருக்கும். மேனேஜர் உண்மையிலேயே பருமனான மனிதர். ஆனால் நல்ல மனிதராகத் தெரிந்தார். சாப்பாட்டின் நடுவே மூடிக்காரர் பக்கம் திரும்பினார்.

“உங்க நாய் எங்க வீட்டுல ராஜா மாதிரி இருக்குங்க. நீங்களே பிரியப்பட்டுக் குடுத்ததாச் சொன்னாரு. பெரிய மனசு உங்களுக்கு.”

“மாமாவுக்குக் காது கேக்காது சார், இருங்க” என்று மாப்பிள்ளை குனிந்து, காட்டுக் கத்தலாகக் கத்தினார். “நாயை நீங்கதானே குடுத்தீங்க மாமா? ஆமாதானே?” தலையையும் தானே மேலும் கீழுமாக ஆட்டிக் காட்டினார். மகளும் சிரித்த முகமாக ஆட்டினாள்.

மூடிக்காரர் தண்ணீரை ஒரு வாய் குடித்தார். பிறகு தலையை இடமும் வலமுமாக, நிதானமாக ஆட்டினார்.

“இல்லைங்க” என்றார் மேனேஜரிடம். “நடக்கக் கூட்டிட்டுப் போறாருன்னு நினைச்சேன். வந்து கேட்டா பண்ணையில விட்டேன்னு சொன்னாங்க.”

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். “வயசாயிடுச்சு சார், கொஞ்சம் குழப்பம்…”

“குழப்பமெல்லாம் இல்ல மாப்பிள்ளை.” உப்பை எடுத்துக்கொடுங்கள் என்று கேட்கிற குரலில்தான் பேசினார். “ஒரு நாயைக் குடுத்து நாற்காலியப் பிடிச்சாச்சுன்னு சோபாவுல உக்காந்து சொன்னீங்களே. ஊதிப்போன பலூன், நான் எழுதற ரிப்போர்ட்ட வாசிக்கக்கூடத் தெரியாதுன்னு சொன்னீங்களே. அது வேற யாரோன்னு நினைச்சிட்டிருந்தேன். இவரைத்தான் சொன்னீங்களா?”

மேனேஜர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். “நாளைக்குக் காலையில வந்து நாயைக் கூட்டிட்டுப் போங்க பெரியவரே. பையன் அழுவான், நான் பேசிக்கறேன்” என்றார். மாப்பிள்ளையைத் தாண்டி வாசலுக்கு நடந்தார். “சார், சார்” என்று மாப்பிள்ளை செருப்புகூடப் போடாமல் படிக்கட்டில் பின்னாலேயே ஓடினார். அந்த ஓட்டத்தின் தடதடப்பு மூடிக்காரருக்குத் துல்லியமாகக் கேட்டது. பொய் சொல்வானேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

மேசையில் அவரும் மகளும்தான் மிஞ்சினார்கள். அவள் எச்சில் தட்டுகளை அடுக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். பிறகு கத்தாமல், கிட்டேயும் வராமல், சாதாரணக் குரலில் கேட்டாள்.

“எப்பலேர்ந்துப்பா உங்களுக்குக் கேக்குது?”

இன்றைக்குத்தான் என்று சொல்லிவிடலாம். சலூன்காரர் உதவினார், இன்று ஒருநாள் மட்டும் என்று சொன்னால் நம்பிவிடுவாள். நம்பத்தான் ஆசைப்படுகிறாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. பெற்ற பெண். அவளுக்குக் காது குத்தியபோது அவள் அழுகையைத் தாங்காமல் வெளியே ஓடிப்போய் நின்றவர் அவர். அந்தப் பொய் நுனிநாக்குவரைக்கும் வந்தது.

“நாயைக் குடுக்க முந்தின ராத்திரி நீதான் வயரைக் கழட்டினேன்னு உன் சிநேகிதிகிட்ட சொன்னியேம்மா,” என்றார், “அந்தப் பேச்சுக்கு முன்னாடிலேர்ந்தே கேக்குது.”