வடிகட்டின தண்ணி

தீபாவளிக் கூட்டம் நெரியும் நாட்களில் எங்கள் ஜவுளிக்கடையில் யாரையும் சோற்றுக்கு விடமாட்டார்கள். நான் சமண நைனார் வீட்டுப் பெண். பொழுது சாய்ந்தபின் வாயில் பருக்கை வைக்கமாட்டேன். இதைக் கண்ணாடி துடைக்கிற தேவேந்திரனிடம் நான் சொன்னதேயில்லை. ஆனாலும் வெயில் மஞ்சளாகும் நேரத்தில் வாளியோடு என் புடவைப் பிரிவுக்கு வந்துவிடுவான். "அக்கா, அந்தாண்ட போங்க. கண்ணாடி தொடைக்கணும், தரை ஈரமாயிடும்" என்று சூப்பர்வைசர் காதில் விழும்படி சத்தம் போடுவான். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைப்பான். நான் போய்ச் சாப்பிட்டு வந்துவிடுவேன்.

கடையின் மூன்று மாடிக்கும் கண்ணாடி முகப்பு. வெளிப்பக்கம் துடைக்க, மொட்டை மாடியிலிருந்து இடுப்பில் கயிறு கட்டி இறங்குவான். போன சித்திரையில் முடிச்சு நழுவி, இரண்டாம் மாடி விளிம்பில் முழங்கையால் தொங்கினான். சதை பிய்ந்துவிட்டது. அவன் மனைவி மங்கை கடை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இன்னொரு தபா கவுறு கட்டினா நானே அறுத்துடுவேன்!"

"அறுக்கறதுன்னா நான் எறங்கினதுக்கு அப்பறம் அறுடி" என்றான் அவன்.

அதற்குப் பிறகுதான் முதலாளி நேமிகுமார் தண்ணீர்க் கம்பு வாங்கச் சம்மதித்தார். தரையில் நின்றபடியே மூன்று மாடிக்கும் நீட்டலாம். கம்புக்குள் ஓடும் குழாயில் தண்ணீர் ஏறி, நுனியிலுள்ள பிரஷ்ஷில் கொட்டும். துடைக்க வேண்டாம், தானாகக் காய்ந்துவிடும். விழுப்புரத்திலிருந்து விற்பனைக்காரர் இரண்டு வகை கொண்டுவந்து காட்டினார். தேவேந்திரன் அலுமினியக் கம்பை நீட்டிப் பார்த்து, "இது காவடி மாதிரி ஆடுது மொதலாளி, தோளு எறங்கிடும்" என்றான். கார்பன் கம்பைத் தூக்கியதும் சிரித்துவிட்டான். சரி, அதையே வாங்கலாம் என்றார் முதலாளி.

"கூடவே உப்பெடுக்கிற டப்பாவும் வேணும் சார். வடிகட்டின தண்ணிதான் ஊத்தணும்" என்றார் விற்பனைக்காரர்.

முதலாளியும் நைனார்தான், ரோஷம் வந்துவிட்டது. "வடிகட்டறத எங்களுக்கே சொல்லித் தர்றியா? எங்க வீட்ல வடிகட்டாத தண்ணி வாயில பட்டதில்ல."

"இது வேற மாதிரி மொதலாளி. நம்ம போர் தண்ணி உப்பு..." என்று இழுத்தான் தேவேந்திரன்.

"நீ சும்மா இருடா."

டப்பா திரும்பிப் போனது. மறுநாள் வெள்ளைத் துணியை நாலாக மடித்து, கம்புக்குத் தண்ணீர் ஏற்றும் பீப்பாயின் வாயில் கட்டி, போர் தண்ணீரை ஊற்றச் சொன்னார். நீரில் உள்ள சின்ன உயிர் சாகக்கூடாதென்று நம் பெரியவர்கள் கட்டிய துணி அது. உப்பை அது எப்படி நிறுத்தும்? தேவேந்திரன் கம்பால் கழுவிய தண்ணீர் காயக் காய, எதிரிலுள்ள ராஜகிரி மலை தெரிந்த கண்ணாடியெல்லாம் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெளுத்துப்போனது.

முதலாளி ரோட்டில் நின்று, போகிற வருகிறவர்கள் கேட்கக் கத்தினார்.

"உங்காளுங்க கையில பொருளக் குடுத்தா இப்டித்தான்! கம்பத் தூக்கிப் போட்டுட்டு கவுறு கட்டி எறங்கித் தேய். இல்லன்னா வேலைய வுட்டுப் போ."

கோபம் பாவம் என்று தினமும் கோயிலில் கேட்கிறவள்தான் நான். அன்று அடங்கவில்லை. இதை எழுதும்போதும் அடங்கவில்லை.

"கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்காகத் துணி கட்றீங்களே, கவுத்துல தொங்கறது உசுரு இல்லையா? டப்பா வேணாம்னது யாரு? அவனா? அவங்க ஆளுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

ரோடே திரும்பிப் பார்த்தது. முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரத்னம், உள்ள போயி புடவைய மடி" என்றார். அவ்வளவுதான். நான் கேட்டது ஈ பறந்த மாதிரி!

தேவேந்திரன் கம்பைக் கணு கணுவாக உள்ளே தள்ளிச் சுருக்கினான். ஈரம் போகத் துடைத்துச் சுவரில் சாத்தினான். "நான் கவுறு கட்டல மொதலாளி" என்று சொல்லிவிட்டு, தன் வாளியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

நான் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அவலூர்பேட்டை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். அவன் என்னைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான்.

"பொழுது எறங்குதுக்கா, மொதல்ல போயி சாப்டுங்க" என்றான். பஸ் நகர்ந்தபோது தலையை வெளியே நீட்டி, "சாப்ட்டு மாடிக்குப் போயி அந்தக் கவுற வெட்டிப் போட்டுடுங்க. இல்லன்னா நாளைக்கு வேற எவனாவது வந்து கட்டிக்குவான்!" என்றான்.