ரோஜாவுக்கு ஊற்றிய மருந்து

நோர்வூட்டிலிருந்து அட்டன் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அம்மாவின் மடியில் இரண்டு போத்தல்கள். ஒன்றில் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்து, மற்றது காலி. கொண்டையில் பெரிய சிவப்பு ரோஜா. முன் இருக்கையில் இரண்டு பேர், தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் எடுக்க வேண்டுமா, தோட்டத்தை நடத்தும் துரைமாரிடமே விடவேண்டுமா என்று காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

“நமக்கு ரெண்டும் வேணுங்க. தோட்டத்து மருந்து வாங்காட்டி வீட்டுக்காரருக்கு லீவு குடுக்க மாட்டாங்க. கவுருமெண்டு மருந்து குடிக்காட்டி அவருக்கு இருமல் நிக்காது.”

“அப்ப தோட்டத்து மருந்த யார் குடிக்கிறா?”

“நம்ம லயத்து வீட்டு வாசல்ல ரோசாச் செடிக்கு ஊத்திருவேங்க.”

அந்த அம்மா அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, காலி போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தோட்டத்து மருந்தைக் குறை சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அவ்வளவு பெரிய ரோஜாவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.